வீட்டில் பதிந்த பாட்டு: மாஸ்டரிங்கை யார் கையில் கொடுப்பது?

காரில் பென் டிரைவைச் செருகிப் பாட்டு கேட்டுக்கொண்டே போனோம். திரைப்பாடல் ஒன்று முடிந்து, நாங்கள் வீட்டில் பதிந்த பாட்டு தொடங்கியது. பாடியவள் என் தங்கை. தன் குரல் வந்ததும் அவளே கை நீட்டி ஒலியளவைக் கூட்டினாள். நான்கு நிமிடம் கழித்து அடுத்த திரைப்பாடல் வெடித்துக் கிளம்ப, பதறிப்போய்க் குறைத்தாள். "நம் பாட்டு மட்டும் ஏன் அண்ணா அடுத்த அறையில் பாடுவதுபோல் கேட்கிறது?" என்றாள்.

வீட்டில் பதிவு செய்கிற எல்லோருக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். சுருதி விலகவில்லை, தாளம் நிற்கிறது, பதிவில் இரைச்சல் இல்லை. ஆனாலும் வெளியில் வந்த பாட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் நம்முடையது மெலிந்து, பாதி முடிந்த வேலைபோல நிற்கிறது. அந்த இடைவெளியை நிரப்பும் கடைசிக் கட்ட வேலைக்குத்தான் மாஸ்டரிங் என்று பெயர். குரல், கருவி என்று தனித்தனியாகப் பதிந்த டிராக்குகளைக் கலந்து ஒரே ஸ்டீரியோ கோப்பாக்கிய பிறகு, அந்தக் கோப்பின் மொத்த நிறத்தையும் உரப்பையும் சீர்செய்ய வேண்டும். தொடக்க மௌனம், முடிவில் ஒலி அடங்கும் விதம், ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள ஏற்றத்தாழ்வு ஆகியவற்றையும் ஒழுங்குபடுத்தி, வெளியே அனுப்பத் தயாராக்க வேண்டும்.

இதற்கு இன்று நம் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. இணையத்தில் கோப்பை ஏற்றினால் சில நிமிடங்களில் மாஸ்டர் செய்து திருப்பித் தரும் தானியங்கிச் சேவை. நம் கணினியிலேயே பாட்டைக் கேட்டுத் தொடக்க அமைப்பைப் போட்டுத்தரும் உதவி மென்பொருள். இலவசக் கருவிகளை வைத்துக்கொண்டு நாமே செய்வது. இதையே தொழிலாகச் செய்யும் பொறியாளரிடம் கொடுப்பது. எங்கள் பாட்டை இந்த நான்கு வழிகளிலும் கொண்டுபோய்ப் பார்த்தேன். பாட்டில் இருப்பவை குரல், மிருதங்கம், அக்கூஸ்டிக் கிடார், பின்னணியில் சுருதிப் பெட்டி. பதிந்த இடம் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை.

முதலில் கணக்கு

எவ்வளவு உரப்பு வேண்டும் என்று தெரியாமல் வழியைத் தேர்ந்தெடுக்க முடியாது. பாட்டின் உரப்பை அளக்க இன்று எல்லோரும் பயன்படுத்துவது எல்.யு.எஃப்.எஸ். என்ற அலகு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் வெளியிட்ட அளவுமுறையிலிருந்து வளர்ந்தது இது. 2010-இல் ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் இதை வைத்தே தங்கள் விதியை வகுத்தார்கள். ஒலி ஒரு கணத்தில் தொடும் உச்சத்தை விட்டுவிட்டு, பாட்டு முழுக்கக் காதுக்கு எவ்வளவு சத்தமாகப் படுகிறது என்பதை இது சொல்கிறது. எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பாட்டு உரத்தது; ஒரு படி என்பது ஒரு டெசிபல்.

யூலீன் என்ற இலவச மீட்டரில் வைத்துப் பார்த்தபோது எங்கள் மிக்ஸ், அதாவது கலந்து முடித்த கோப்பு, மைனஸ் 20 காட்டியது. உச்சம் மைனஸ் 3 டெசிபல். காரில் கேட்ட திரைப்பாடல் மைனஸ் 9. வித்தியாசம் 11 டெசிபல். எங்கள் கோப்பை அப்படியே 11 டெசிபல் தூக்கினால் உச்சம் பிளஸ் 8-க்குப் போகும். டிஜிட்டல் கோப்பில் பூஜ்யத்துக்கு மேல் இடமே கிடையாது. மைனஸ் 1-இல் கூரை போட்டால், அதற்கு மேலே போகும் 9 டெசிபலை லிமிட்டர், அதாவது உச்சம் கூரையைத் தாண்டாமல் தடுக்கும் கருவி, அமுக்கியாக வேண்டும். எங்கள் பாட்டில் அந்த 9 டெசிபல் என்பது மிருதங்கத்தின் அடி. அதை அமுக்கினால் மிருதங்கம் அட்டைப் பெட்டியாகிவிடும்.

அந்த மைனஸ் 9 உண்மையிலேயே வேண்டுமா? ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் எல்லாப் பாடல்களையும் மைனஸ் 14 அளவுக்குக் கொண்டுவந்து ஒலிக்கச் செய்கிறது. ஆப்பிள் மியூசிக்கில் சவுண்ட் செக் என்ற அமைப்பைப் போட்டிருந்தால் அளவு மைனஸ் 16. யூடியூப் மைனஸ் 14-ஐத் தாண்டியதைக் குறைக்கும். குறைவாக இருப்பதை ஏற்றாது. ஆகவே மைனஸ் 9-இல் நொறுக்கி வைத்த பாட்டை ஸ்பாட்டிஃபை 5 டெசிபல் இறக்கித்தான் ஒலிபரப்பும். உரப்பு போய்விடும், நொறுங்கல் மட்டும் அப்படியே நிற்கும். இன்னொரு பக்கம், மைனஸ் 20-இல் விட்ட பாட்டு யூடியூபில் மற்றவற்றைவிட 6 டெசிபல் தாழ்ந்தே கேட்கும். கார் பென் டிரைவிலும் கோயில் திருவிழா ஒலிபெருக்கியிலும் இந்தச் சமன்செய்தல் எதுவும் கிடையாது. அங்கே உரத்தது உரத்ததுதான். நம் பாட்டு எங்கே கேட்கப்படப் போகிறது என்று முடிவு செய்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். எங்களுக்கு யூடியூபும் காரும். மைனஸ் 14-க்கும் மைனஸ் 11-க்கும் நடுவில் எங்காவது நின்றால் போதும் என்று வைத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சத்தம் கூடினாலே காது அதை நல்லது என்று நம்பிவிடுகிறது. ஒலி தாழ்ந்திருக்கும்போது அடித்தள ஒலிகள் நம் காதில் குறைவாகவே விழுகின்றன என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். சத்தத்தைக் கூட்டியதும் அடித்தளம் பொங்கி வருகிறது, பாட்டு நிறைந்துவிட்டதாகத் தோன்றுகிறது. எனவே மாஸ்டர் செய்த கோப்பை மாஸ்டர் செய்யாததோடு ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவந்துவிட்டே கேட்க வேண்டும். என் மிக்ஸ் மைனஸ் 20, திரும்பி வந்த மாஸ்டர் மைனஸ் 10 என்றால், மாஸ்டரை 10 டெசிபல் இறக்கிவிட்டுக் கேட்க வேண்டும். இதைச் செய்யாமல் எந்த வழி நல்லது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஏற்றினால் இறங்கும்

இணையத் தானியங்கிச் சேவைகளில் முன்னோடி கனடாவின் லாண்டர்; 2014-இல் தொடங்கியது. பிறகு பல வந்துவிட்டன. சிங்கப்பூரின் பேண்ட்லேப் இலவசமாகவே செய்து தருகிறது. கோப்பை ஏற்றி, சூடா, சமநிலையா, பளிச்சென்றா என்று பாணியைத் தேர்ந்தெடுத்தால் போதும். பல தளங்களில் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுப் பார்க்கலாம்.

நான் பயன்படுத்திய சேவையிடமிருந்து கோப்பு சில நிமிடங்களில் வந்தது. மைனஸ் 10. முதல் முறை கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. தங்கைக்கும் அப்படியே. காரில் போட்டுப் பார்த்தோம். திரைப்பாடலுக்குப் பக்கத்தில் தோளோடு தோள் நின்றது. அதே மகிழ்ச்சியோடு மிருதங்கம் வாசித்தவர் வீட்டுக்குப் போனேன். அறுபதைக் கடந்தவர். கண்ணை மூடி முழுப் பாட்டையும் கேட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நான் தொப்பியில் தட்டும்போதெல்லாம் பாப்பாவின் குரல் ஏன் குனிகிறது, தம்பி?"

வீட்டுக்கு வந்து ஹெட்ஃபோனில் கேட்டேன். அவர் சொன்னது அப்படியே இருந்தது. மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பிக்கு ரவை பூசி அதன் ஒலியைத் தாழ்த்துவார்கள். அந்தத் தாழ்ந்த அடிக்கு ஆற்றல் மிக அதிகம். தானியங்கி லிமிட்டருக்குக் கிடைத்தது ஒரே கோப்பு. அதில் எது தொப்பி, எது குரல் என்று அதற்குத் தெரியாது. தொப்பி அடி கூரையைத் தொட்டதும் மொத்தப் பாட்டையும் சேர்த்து அமுக்குகிறது. அடி ஓய்ந்ததும் எல்லாவற்றையும் தூக்குகிறது. குரல் ஒவ்வோர் அடிக்கும் தலை தாழ்த்தி நிமிர்கிறது. நடுவில் வரும் இடைவெளிகளில் சுருதிப் பெட்டி அலைபோல மேலேறி வருகிறது. 10 டெசிபல் தூக்கியதில் தெருவில் போன ஸ்கூட்டர்கூட முதல் சரணத்துக்கு முன்னால் தெளிவாகக் கேட்டது.

இதற்காகத் தானியங்கிச் சேவையே ஆகாது என்று சொல்ல மாட்டேன். மின்னிசைத் தாளமும் சிந்தசைஸரும் வைத்து, ஏற்கெனவே அளவுகள் ஒழுங்காக நிற்கும் பாட்டுக்கு அது நன்றாகவே செய்கிறது. கணினியில் பிறந்த தாளத்தில் ஒவ்வோர் அடியும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும். லிமிட்டருக்கு வேலை எளிது. மனிதக் கை வாசித்த தோல் கருவியும் நெருங்கிப் பாடிய குரலும் மட்டுமே உள்ள பாட்டில்தான் அது தடுமாறுகிறது. இன்னொரு பயனும் உண்டு: அது திருப்பித் தந்த கோப்பு எங்கள் மிக்ஸுக்கு எக்ஸ்ரே படம்போல இருந்தது. மிக்ஸில் எது துருத்திக்கொண்டிருந்ததோ அதைப் பெரிதாக்கிக் காட்டிவிட்டது. வித்துவானின் அந்தக் கேள்வி இல்லாவிட்டால் நான் அந்தப் படத்தைப் படித்திருக்க மாட்டேன்.

உரப்பு பிறக்கும் இடம்

அன்று இரவே மாஸ்டரிங்கை ஓரம் வைத்துவிட்டு மிக்ஸுக்குத் திரும்பினேன். இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: நாம் மாஸ்டரிங்கில் தேடுகிற உரப்பின் பெரும்பகுதி மிக்ஸில்தான் கிடைக்கிறது. ஸ்டீரியோ கோப்பில் தொப்பியைத் தொட்டால் குரலும் சேர்ந்து வரும். மிக்ஸில் தொப்பிக்குத் தனி டிராக் இருக்கிறது.

மிருதங்கத்துக்கு இரண்டு மைக் வைத்துப் பதிந்திருந்தோம், தொப்பிக்கு ஒன்று, வலந்தலைக்கு ஒன்று. தொப்பி டிராக்கில் மட்டும், உயர்ந்த ஒலிகளைத் தாழ்த்தும் கம்ப்ரஸர் ஒன்றைப் போட்டு, மிக உயர்ந்த அடிகள் 4 டெசிபல் தாழும்படி அமைத்தேன். அதன்பின் மிக லேசாக சாச்சுரேஷன். இது மேல்நாதங்களைக் கூட்டுகிறது. தாழ்ந்த ஒலிகளைக் காட்ட முடியாத ஃபோன் ஒலிபெருக்கியிலும் தொப்பி இருப்பது காதுக்குத் தெரிகிறது. குரல் டிராக்கில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டினேன். தங்கையின் குரலில் அங்கே இசை எதுவும் இல்லை; மைக் ஸ்டாண்டைத் தொட்ட அதிர்வும் மூச்சுக் காற்றும்தான் இருந்தன. காதுக்குப் படாத அந்தக் குப்பையும் கூரைக்கடியில் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கிடாரில் 250 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் 3 டெசிபல் குறைத்ததும் குரலுக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருந்த திரை விலகியது. சுருதிப் பெட்டியை 2 டெசிபல் இறக்கினேன். கடைசியாக, அதிக நேரம் பிடித்த வேலை: குரலை வரிவரியாக எடுத்து, தாழ்ந்த சொற்களைக் கையாலேயே தூக்கி, எகிறிய சொற்களை இறக்கினேன். இதைக் கம்ப்ரஸர் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடலாம். ஆனால் கையால் செய்தபோதுதான் குரல் முன்னே வந்து உட்கார்ந்தது.

மறுபடி மீட்டர். உச்சம் அதே மைனஸ் 3. உரப்பு மைனஸ் 17. இன்னும் மாஸ்டரிங்கைத் தொடவே இல்லை; 3 டெசிபல் கிடைத்துவிட்டது. இப்போது மைனஸ் 14-க்குப் போக 3 டெசிபல் தூக்கினால் உச்சம் பூஜ்யம். லிமிட்டர் அமுக்க வேண்டியது 1 டெசிபல்தான். பழைய மிக்ஸில் அதே இடத்துக்குப் போக 4 டெசிபல் அமுக்கியிருக்க வேண்டும். அந்த 4 டெசிபலைக் கொடுக்க இப்போதும் நான் தயார் என்றால் மைனஸ் 11 வரை ஏறலாம். லிமிட்டர் அமுக்கும்போது உரப்பும் சிறிது குறையும் என்பதால் கணக்கு அச்சு அசலாக நிற்காது; ஆனால் போகிற திசை இதுதான்.

இதை மறந்தால் எவ்வளவு பெரிய ஆளாலும் காப்பாற்ற முடியாது. மெட்டாலிக்கா குழு 2008-இல் வெளியிட்ட டெத் மேக்னெட்டிக் ஆல்பம் அளவு மீறி நொறுக்கப்பட்டிருக்கிறது என்று ரசிகர்களே கொந்தளித்தார்கள். ஒரு வீடியோ விளையாட்டில் வந்த அதே பாடல்கள் ஆல்பத்தைவிடத் தெளிவாக இருந்ததை ஒப்பிட்டுக் காட்டினார்கள். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், தன் கைக்கு வந்த மிக்ஸ்களே முன்னதாக நசுக்கப்பட்டுத்தான் வந்தன என்று தெரிவித்தார். உலகின் முன்னணிப் பொறியாளர் ஒருவருக்கே அந்த நிலை.

நம் கையால்

திருத்திய மிக்ஸை வைத்துக்கொண்டு நானே மாஸ்டர் செய்தேன். கருவிகளுக்குப் பணம் தடையே இல்லை. ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை 60 நாள் சோதித்துப் பார்த்துவிட்டு, தனிநபர் உரிமத்தை 60 டாலருக்கு வாங்கலாம். ஒலியின் நிறத்தைத் திருத்தும் ஈக்வலைஸரில் டோக்கியோ டான் நிறுவனத்தின் நோவா, அதே நிறுவனத்தின் கோட்டெல்னிகோவ் கம்ப்ரஸர், வேறொருவர் உருவாக்கிய லவுட்மேக்ஸ் லிமிட்டர் ஆகியவை இலவசமாகவே கிடைக்கின்றன. 1994-இல் வேவ்ஸ் நிறுவனம் எல்1 என்ற லிமிட்டரை வெளியிட்டபோது அது ஸ்டுடியோக்களுக்கு மட்டுமே எட்டிய பொருள். அதே வகை வேலை இன்று மடிக்கணினியில் செலவில்லாமல் நடக்கிறது.

இந்தக் கருவிகளை வரிசையாகக் கோத்த என் சங்கிலி சிறியது. ஈக்வலைஸரில் 1, 2 டெசிபலுக்கு மேல் எதையும் அசைக்கவில்லை. அதற்கு மேல் தேவைப்பட்டால் தவறு மிக்ஸில் இருக்கிறது என்று பொருள். அங்கே திரும்பிப் போக வேண்டும். கம்ப்ரஸரில் விகிதம் ஒன்றரைக்கு ஒன்று. அடியின் முனை மழுங்காமல் வெளியேற 30 மில்லிவினாடி அவகாசம். முள் 1 டெசிபலுக்கு மேல் அசையாத அளவு. பிறகு லிமிட்டர், கூரை மைனஸ் 1. அந்த 1 டெசிபலை ஏன் விட வேண்டும் என்றால், கோப்பை எம்.பி.3 போன்ற வடிவத்துக்குச் சுருக்கும்போது உச்சங்கள் சற்று எகிறும்; கூரையை ஒட்டி வைத்த கோப்பு அங்கே கரகரக்கும். ஸ்பாட்டிஃபையும் இந்த இடைவெளியைத்தான் பரிந்துரைக்கிறது.

சங்கிலியைப் போட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆகவில்லை. அதில் எது சரி என்று தீர்மானிக்க நான்கு நாள் ஆயிற்று. சொந்தமாகச் செய்வதில் இருக்கும் உண்மையான கஷ்டம் அறைதான். பத்தடி அகல அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சுமார் 56 ஹெர்ட்ஸ் அலை நின்றுகொள்கிறது. பன்னிரண்டடி நீளத்துக்குச் சுமார் 47. பேஸ் கிடாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். அந்த அறையின் நடுவில் உட்கார்ந்து கேட்டால் அந்தச் சுரம் காணாமல் போகும். சுவரோரம் தலையைச் சாய்த்தால் அதே சுரம் பொங்கி வழியும். நடுவில் உட்கார்ந்து மாஸ்டர் செய்கிறவர், குறைகிறதே என்று அடித்தளத்தைக் கூட்டிக்கொண்டே போவார். வெளியே போய்க் கேட்டால் பாட்டு இரையும். எங்கள் பாட்டில் பேஸ் கிடார் இல்லாதது நல்லதாகப் போயிற்று. அப்படியும் தொப்பியின் அளவை முடிவு செய்ய ஸ்பீக்கரை நம்பாமல் ஹெட்ஃபோன், கார், சமையலறையில் இருக்கும் புளூடூத் ஸ்பீக்கர் என்று மூன்று இடத்திலும் கேட்டேன்.

ஒப்பிட ஒரு பாட்டு அவசியம். நம் பாட்டின் அமைப்பை ஒத்த, நமக்குப் பிடித்த வெளியீடு ஒன்றைத் திட்டத்துக்குள்ளேயே ஒரு டிராக்கில் போட்டு, நம் உரப்புக்கு இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை அதைக் கேட்டால், களைத்துப்போய் வழிதவறும் காது திரும்பி வந்துவிடும். அதோடு, இரண்டு சேனல்களையும் ஒன்றாக்கி மோனோவிலும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். ஊர்த் திருவிழாவில் கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கி மோனோதான். ஸ்டீரியோவை அகலப்படுத்தும் கருவியால் விரிந்து பரந்த கிடார் அங்கே பாதி கரைந்துவிடும்.

உதவி மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐஸோடோப் நிறுவனத்தின் ஓஸோனில் 2017 முதல் இத்தகைய உதவியாளர் இருக்கிறது. ஆப்பிளின் லாஜிக் புரோவில் 2023 நவம்பரில் வந்த 10.8 பதிப்பிலிருந்து மாஸ்டரிங் உதவியாளர் சேர்ந்தே வருகிறது. பாட்டைக் கேட்டு ஈக்வலைஸரையும் லிமிட்டரையும் தானாகவே அமைத்துவிடுகிறது. இணையச் சேவைக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு, இது செய்ததை நாம் பார்க்கலாம், திருத்தலாம் என்பதே. எங்கள் பாட்டில் மேல்நாதங்களை அது அளவுக்கு மேல் ஏற்றியிருந்தது. பாதியாகக் குறைத்ததும் நன்றாகவே இருந்தது. லாஜிக் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் இதைத் தொடக்கப் புள்ளியாக எடுத்துக்கொள்ளலாம். இல்லாதவர்கள் இதற்காக மட்டும் பணம் போடத் தேவையில்லை. பதிவுக்கு முன் கதவிடுக்கை அடைப்பதிலும் சுவரில் கனத்த போர்வை தொங்கவிடுவதிலும் செலவிடுங்கள். அதற்கு இதைவிடப் பலன் உண்டு.

இன்னொருவர் காது

நான்காவது வழியாக, சென்னையில் மாஸ்டரிங் மட்டுமே செய்யும் பொறியாளர் ஒருவருக்கு அதே மிக்ஸை அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துக் கோப்பு வரவில்லை, குறிப்பு வந்தது. இரண்டாவது சரணத்தின் மூன்றாவது வரியில் வளையல் ஓசை இருக்கிறது, வேண்டுமென்றே விட்டதா? "ச" வரும் சொற்கள் கொஞ்சம் சீறுகின்றன, குரல் டிராக்கிலேயே தணித்து அனுப்ப முடியுமா? கிடார் இடது பக்கம் சற்று அதிகம் சாய்கிறதே, அப்படித்தான் வேண்டுமா?

அந்தப் பாட்டை நான் எத்தனை நூறு முறை கேட்டிருப்பேன் என்று தெரியாது. வளையல் ஓசை என் காதில் ஒருமுறைகூட விழவில்லை. பதிந்த நாளில் நானும் அந்த அறையில் இருந்தேன். தங்கை வளையல் அணிந்திருந்ததைக் கண்ணால் பார்த்தேன். அந்த ஓசை என் மனத்தில் பாட்டின் பகுதியாகிவிட்டது. பாட்டை முதன்முறையாகக் கேட்கும் காது நமக்கு இனி வாய்க்காது. பொறியாளருக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி அந்தக் காதுக்கானது. மற்றப் பாதி அவருடைய அறைக்கு: நின்றுபோகும் அலைகளைச் சுவர்களில் அடக்கிய, ஒவ்வொரு சுரமும் உள்ளபடி கேட்கும் அறை. இந்த இரண்டையும் எந்த மென்பொருளும் விற்பதில்லை.

வீட்டு ஸ்டுடியோ நமக்குப் புதியதும் அல்ல. ஏ.ஆர். ரஹ்மான் 1989-இல் தன் வீட்டுப் பின்புறத்தில் தொடங்கியதுதான் பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடம். இசையை அங்கே அவர் உருவாக்கினார். அவருடைய பல பாடல்களுக்கு ஒலிப்பொறியாளராக இருந்தவர் எச். ஸ்ரீதர். அவ்வளவு தேர்ந்த காது உள்ளவரும் இன்னொரு காதை அருகில் வைத்துக்கொண்டார்.

பொறியாளர் கடைசியில் அனுப்பிய மாஸ்டர் மைனஸ் 12. என்னுடையது மைனஸ் 13. ஒரே உரப்புக்குக் கொண்டுவந்து, எது எவருடையது என்று சொல்லாமல் தங்கையையும் வித்துவானையும் கேட்கச் சொன்னேன். தங்கையால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வித்துவான் பொறியாளருடையதைத் தேர்ந்தெடுத்தார். "இதில் சாப்பு விழுந்த பிறகு அதன் கார்வை கடைசிவரை கேட்கிறது. மற்றதில் நடுவிலேயே கை வைத்து மூடியதுபோல் இருக்கிறது" என்றார். சாப்பு என்பது மிருதங்க அடிகளில் ஒன்று; கார்வை, அது ஒலித்து நீளும் நாதம். தானியங்கிச் சேவையின் கோப்பையும் அதே அளவுக்கு இறக்கிப் போட்டேன். முதல் நாள் எங்களைச் சிலிர்க்க வைத்த அதே கோப்பு. தங்கை பத்து வினாடியில் நிறுத்தச் சொன்னாள்.

பொறியாளரிடம் அனுப்புகிறவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். 24 பிட் வேவ் கோப்பாக, பதிந்த அதே சாம்பிள் வேகத்தில் அனுப்புங்கள், எம்.பி.3 வேண்டாம். எல்லா டிராக்குகளும் சேரும் மாஸ்டர் டிராக்கில் உரப்புக்காகப் போட்ட லிமிட்டரைக் கழற்றிவிடுங்கள். உச்சம் பூஜ்யத்தைத் தொடாமல் சில டெசிபல் கீழே நின்றால் போதும். மிக்ஸில் உங்களுக்கே நிச்சயம் இல்லையென்றால், குரல் தனி, கருவிகள் தனி என்று இரண்டு கோப்புகளாகக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். பலர் அப்படியும் எடுத்துக்கொள்வார்கள். கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும். எத்தனை திருத்தம் அதில் அடக்கம் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனவே எது?

வாரம் ஒரு பாட்டு யூடியூபில் போடுகிறவர்களுக்குத் தாங்களே செய்வதுதான் சரி என்பேன். குரல், கருவி, அறை எல்லாம் வாராவாரம் ஒன்றாகவே இருக்கும். ஒருமுறை சங்கிலியைச் சரியாக அமைத்துவிட்டால் அடுத்த பாட்டுக்கு அதில் சிறு மாற்றமே தேவைப்படும். ஐந்தாறு பாட்டு முடிவதற்குள் காதும் தேறிவிடும். இதைக் கற்பதால் பதிவும் மிக்ஸும் சேர்ந்து மேம்படுகின்றன. மற்ற எந்த வழியிலும் இந்த வளர்ச்சி இல்லை.

கணினித் தாளத்தில் அமைந்த பாட்டு, நாளைக்கே வேண்டும், கற்றுக்கொள்ள நேரமில்லை என்றால் தானியங்கிச் சேவை போதும். உரப்பு அளவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஆகக் குறைந்ததை எடுங்கள். பதிந்த பாட்டு காலத்துக்கும் இருக்கப் போகிறது, ஆல்பமாக வரப்போகிறது, அல்லது தோல் கருவியும் நரம்புக் கருவியும் உயிரோடு ஒலிக்க வேண்டும் என்றால் பொறியாளர். ஆல்பத்தில் ஆறு பாட்டு இருந்தால் ஆறையும் ஒருவரே செய்வது முக்கியம். பாட்டுக்குப் பாட்டு அளவு தாவாமல் இருக்க அது ஒன்றே வழி. பணம் ஒரு பாட்டுக்குத்தான் இருக்கிறதா? அந்த ஒன்றைக் கொடுங்கள். வந்த குறிப்பையும் கோப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மற்ற ஐந்தை நீங்களே செய்யுங்கள். ஒரு பாட்டுக்கு அவர் எழுதிய குறிப்பே எனக்கு மற்றப் பாட்டுகளின் மிக்ஸைத் திருத்த உதவியது.

எங்களிடம் இன்னும் மூன்று பாட்டுகள் இருக்கின்றன. இரண்டை நானே முடித்துவிட்டேன். மூன்றாவதில் மிருதங்கத் தனி ஆவர்த்தனம் நீளமாக வருகிறது. அது அடுத்த வாரம் சென்னைக்குப் போகிறது. கூட வைக்கும் குறிப்பின் முதல் வரியை வித்துவானிடம் கேட்டுத்தான் எழுதினேன்: தொப்பி விழும்போது குரல் குனியக் கூடாது.